தேக்கு ஜன்னலைக் கழற்றிவிட்டு யூபிவிசி ஸ்லைடிங்: வாங்கலாமா?

சென்னையின் பழைய வீடுகளில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்ததும் ஜன்னல் மாற்றும் பேச்சு கிளம்பிவிடும். கதவு சாத்த வரவில்லை, அடியில் தண்ணீர் கசிகிறது, கொசு வருகிறது. கடைக்குப் போனால் முதலில் காட்டுவது இரண்டரை டிராக் யூபிவிசி (கெட்டி பிளாஸ்டிக் சட்டம்) ஸ்லைடிங்: பக்கவாட்டில் நகரும் கண்ணாடிக் கதவு இரண்டு, கொசுவலைக் கதவு ஒன்று. பொருள் நல்லதுதான். ஆனால் கேட்டு வருகிற பலருக்கு அது தேவையே இல்லை.

தேவையா என்பதைக் கதவைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, நிலையின் அடியைப் பார்க்க வேண்டும். நிற்கும் கட்டையும் படுக்கும் கட்டையும் சேரும் மூலையில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்துங்கள். வைரம் பாய்ந்த தேக்கு என்றால் முனை வழுக்கும். கால் அங்குலத்துக்கு மேல் மெத்தென்று இறங்கினால் மக்கிவிட்டது. கரையான் வைரம் பாயாத வெள்ளைப் பகுதியைத்தான் முதலில் தின்னும், மேலே பெயின்ட் தோல் மாதிரி அப்படியே நிற்கும். விரல் முட்டியால் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும். சேதம் ஒரு மூலையில் அரை அடிக்குள் இருந்தால் தச்சர் அதை வெட்டி எடுத்துப் புதுத் தேக்கில் ஒட்டு போட்டுவிடுவார். அடிக்கட்டை முழுக்கப் போயிருந்தாலோ, கையால் உலுக்கும்போது நிலையே சுவரில் ஆடினாலோ (உள்ளே நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டை, அதாவது ஹோல்ட்ஃபாஸ்ட், துருப்பிடித்துவிட்டது என்று அர்த்தம்) பழுது பார்ப்பது வீண் செலவு.

மழைக்கு ஊதிப் பிடித்துக்கொள்ளும் கதவு வேறு விஷயம். கார்த்திகையில் இழைத்தால் சித்திரையில் விரல் நுழையும் இடைவெளி விழும். காய்ந்த பிறகு இழைத்து, கதவின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் சேர்த்துப் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு விளிம்பும் கண்ணில் படாததால் பெயின்டர் விட்டுவிடுவார், ஈரம் ஏறுவது அந்த வழியாகத்தான்.

கசிவிலும் ஏமாற வாய்ப்புண்டு. வெளியிலிருந்து ஹோஸில் முதலில் அடிப்பகுதி, பிறகு பக்கங்கள், கடைசியாக மேல்பகுதி என்று ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் தண்ணீர் விட்டு, உள்ளே ஒருவரை நிற்க வையுங்கள். சன்ஷேடு சுவரோடு சேரும் விரிசலில் விடும்போது நனைந்தால் ஜன்னலை மாற்றியும் பயனில்லை, அது கொத்தனார் வேலை. பழைய குடியிருப்புகளில் இருக்கும் இசட் செக்ஷன் (Z வடிவப் பட்டையில் செய்த) இரும்பு ஜன்னல்களுக்கு இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். துரு உப்பிக் கண்ணாடி விரிசல் விட ஆரம்பித்தால் மாற்றிவிடுவதே மேல்.

மாற்றத்தான் வேண்டும் என்றால், யூபிவிசி கரையானுக்கும் கடற்காற்றுக்கும் அசையாது. பெயின்ட் வேண்டாம், ஊதாது. வெள்ளை நிறமே போதும். கரும் நிறங்கள் வெயிலில் கூடுதலாகச் சூடேறும். வெறும் பிளாஸ்டிக் குழாய் வளையும் என்பதால் உள்ளே துத்தநாகம் பூசிய ஸ்டீல் இருக்க வேண்டும். சாம்பிள் துண்டைக் காட்டச் சொல்லி, ஸ்டீலின் கனத்தைக் கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். விலை குறைகிறது என்றால் முதலில் அடிபடுவது இந்த ஸ்டீல், அடுத்தது உருளை. 5 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 12.5 கிலோ. நான்கடி உயரம், இரண்டரை அடி அகலக் கதவில் கண்ணாடி மட்டுமே ஏறக்குறைய 11.5 கிலோ. இதற்கு ஒற்றைச் சக்கர நைலான் உருளை போட்டால் சீக்கிரமே தேய்ந்து, கதவு தடத்தை உரசும். இரட்டைச் சக்கரம் கேளுங்கள். திருகுகள் எவர்சில்வராக இருக்கட்டும்.

ஸ்லைடிங்கின் பெரிய பலவீனம் மழைதான். கீழ்த் தடத்தில் தண்ணீர் சேருவது இயல்பு. வெளிப்பக்கம் உள்ள சிறு வடிகால் துளைகள் வழியாக அது போய்விட வேண்டும். பொருத்துகிற ஆள் சிலிக்கான் தடவும்போது அந்தத் துளையையும் சேர்த்து அடைத்துவிடுவதுண்டு. காசு கொடுக்கும் முன் தடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கதவுகளுக்கிடையே அடைப்பு வெறும் பிரஷ் நார் என்பதால், வடகிழக்குப் பருவக்காற்று நேராக அடிக்கும் சன்ஷேடு இல்லாத மாடி ஜன்னலுக்கு ஸ்லைடிங் சரிவராது. ரப்பர் கேஸ்கெட்டில் இறுகிச் சாத்தும், வெளிப்பக்கம் திறக்கும் கதவு போடுங்கள். காற்றும் முழுதாக வரும். இரண்டு கதவு ஸ்லைடிங்கில் பாதி ஜன்னல் எப்போதும் மூடித்தான் இருக்கும்.

சுவரில் ஜன்னல் உட்காரும் திறப்பின் அளவை மூன்று இடத்தில் எடுத்து, சிறியதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. குறைக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் யூபிவிசி சட்டம் 30 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் சுமார் 3 மி.மீ. நீளும். கொத்தனார் அந்த இடைவெளியில் சிமென்ட் அடைத்தால் வெயிலில் சட்டம் வில்லாக வளைந்து பூட்டு விழாது. நுரையும் (ஃபோம்) சிலிக்கானும்தான் அங்கே போக வேண்டும்.

பலர் மறப்பது கிரில்லை. மர நிலையில் கம்பி நிலைக்குள்ளேயே கோத்திருக்கும், நிலை போனால் பாதுகாப்பும் போய்விடும். யூபிவிசி சட்டத்தில் கிரில்லைத் திருகக் கூடாது, சுவரில்தான் பிடிக்க வேண்டும், அதுவும் ஸ்லைடிங்குக்கு வெளிப்பக்கம். உள்ளே ஒட்டிப் பிடித்துவிட்டால், பிறகு உருளை மாற்றக் கதவைத் தூக்கி எடுக்க இடமிருக்காது. கிரில் வேலை முடியும் வரை பழைய ஜன்னலைப் பெயர்க்க விடாதீர்கள்.