கஸ்டம் ரிசோர்ஸுக்குப் பெயர் வைப்பது: சில வருடப் பயன்பாட்டில் கண்டது

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் தளமான குபர்னெட்டிஸில் சொந்தமாக சிஆர்டி (புது வகை ரிசோர்ஸை, அதாவது கஸ்டம் ரிசோர்ஸை, அறிமுகப்படுத்தும் வரையறை) எழுதிச் சில வருடங்களாக ஓட்டிவருகிறோம். அந்த ரிசோர்ஸ்களைக் கவனித்து வேலை செய்யும் கன்ட்ரோலரின் கோடு எத்தனையோ முறை மாறிவிட்டது. முதலில் வைத்த பெயர்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன. சிஆர்டியின் பெயரே ரிசோர்ஸின் பன்மைப் பெயரும் குரூப்பும் (ரிசோர்ஸ்களைத் தொகுக்கும், டொமைன் போன்ற பெயர்) புள்ளியால் சேர்ந்ததுதான். இரண்டில் எதை மாற்றுவதானாலும் புது சிஆர்டி போட்டு, இருக்கிற ஆப்ஜெக்ட்டுகளையெல்லாம் அங்கே நகர்த்தி, ஆர்பிஏசி (யார் எதைச் செய்யலாம் என்ற அனுமதி) விதிகளையும் திருத்தியாக வேண்டும். அதனால் ஸ்கீமாவை (ஃபீல்டுகளின் அமைப்பை) விடப் பெயருக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன்.

பொதுப்படையான பெயர்தான் பெரிய தலைவலி. வெலேரோ, லாங்ஹார்ன், கிளவுட்நேட்டிவ்பிஜி ஆகிய மூன்று குபர்னெட்டிஸ் கருவிகளிலுமே 'பேக்அப்' என்ற கைண்ட் (ரிசோர்ஸ் வகை) உண்டு. குரூப் வேறு வேறு என்பதால் கோரிக்கைகளைப் பெறும் ஏபிஐ சர்வருக்கு எந்தச் சிக்கலும் இல்லை, மூன்றும் ஒரே கிளஸ்டரில் (குபர்னெட்டிஸ் ஓடும் மெஷின்களின் தொகுப்பில்) ஓடும். மனிதர்களுக்குத்தான் சிக்கல். குபிசிடிஎல் என்ற கட்டளைக் கருவியில் 'குபிசிடிஎல் கெட் பேக்அப்ஸ்' என்று அடித்தால் முன்னுரிமைப்படி ஏதோ ஒரு குரூப்பைத்தான் அது பார்க்கும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் 'நோ ரிசோர்சஸ் ஃபவுண்ட்' என்று சொல்லி முடித்துக்கொள்ளும். பிழை என்று எதுவும் வராது. நடுராத்திரி அலர்ட்டுக்கு எழுந்து வந்தவர் பேக்அப்பே எடுக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுவார். தேடுவதோ அடுத்த குரூப்பில் பத்திரமாக இருக்கும். இது எனக்கு உண்மையிலேயே பயம் தருகிற விஷயம். நெட்வொர்க் டிராஃபிக்கை நிர்வகிக்கும் இஸ்டியோவின் 'கேட்வே'யும் குபர்னெட்டிஸ் கேட்வே ஏபிஐயின் 'கேட்வே'யும் ஒரே கிளஸ்டரில் இருந்தாலும் இதே கதைதான்.

ஒரே குரூப்புக்குள் பெயர் மோதினால் குபர்னெட்டிஸே பிடித்துவிடும். சிஆர்டியின் நிலையைக் காட்டும் 'நேம்ஸ் அக்செப்டட்' கண்டிஷன் ஃபால்ஸ் ஆகும். குரூப் தாண்டிய மோதலை, சுருக்கப் பெயர் உட்பட, யாரும் தடுப்பதில்லை. கேநேட்டிவ் என்ற கருவி, குபர்னெட்டிஸிலேயே இருக்கும் 'சர்வீஸ்' என்ற பெயரிலேயே கைண்ட் வைத்திருந்தாலும் சுருக்கப் பெயரை 'கேஎஸ்விசி' என்று பிரித்து வைத்தது நல்ல யோசனை. தினமும் கையில் அடிப்பது அதைத்தானே.

குரூப்புக்கு உங்களுக்குச் சொந்தமான டொமைனே சரி. அதில் டீம் பெயரைச் சேர்க்காதீர்கள், டீம்கள் கலையும், பெயர் மாறும். அந்த ரிசோர்ஸ் செய்யும் வேலையின் பெயரைச் சேருங்கள். குபர்னெட்டிஸ் டாட் ஐஓ, கே8எஸ் டாட் ஐஓ இரண்டும் அந்தச் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டவை, ஒப்புதல் அனோட்டேஷன் (சிஆர்டியில் சேர்க்கும் குறிப்பு) இல்லாமல் சர்வர் ஏற்காது.

ஸ்கிரிப்ட்டிலும் ரன்புக்கிலும் (பிரச்சினை வந்தால் பார்க்கும் வழிமுறைக் குறிப்பு) நாங்கள் எப்போதும் குரூப்போடு சேர்த்து முழுப் பெயரைத்தான் எழுதுகிறோம். புதுப் பெயர் முடிவாகும் முன் ரிசோர்ஸ் வகைகளைப் பட்டியலிடும் 'ஏபிஐ ரிசோர்சஸ்' கட்டளையை எல்லா கிளஸ்டரிலும் ஓட்டிப் பார்க்கிறோம். டெஸ்ட் கிளஸ்டரில் இல்லாத ஆபரேட்டர் (சொந்த சிஆர்டிகளோடு வரும் மென்பொருள்) புரொடக்ஷனில் இருக்கும்.