‘செவிடு’ எங்கிருந்து வந்தது? சிகாகோ அகராதித் தளம் ஒரு மதிப்பீடு

காது கேளாமை பற்றி எழுதுகிறவர்களுக்கும் மொழிபெயர்க்கிறவர்களுக்கும் சொல்லின் வேரைப் பார்க்க இலவசமாகக் கிடைக்கும் நல்ல இடம் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி அங்கே இருக்கிறது. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியும் (இரண்டாம் பதிப்பு, 1984) இருக்கிறது. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மூடினால் பாதி வேலைதான் ஆகும்.

பேரகராதியில் தமிழ் எழுத்திலேயே தட்டுவது நல்லது. நாம் வாட்ஸ்அப்பில் எழுதுகிற ரோமன் எழுத்துக்கூட்டு அங்கே செல்லாது. ‘செவிடு’ என்று தேடினால் காது கேளாமையோடு ஒரு பழைய முகத்தலளவையும் வந்து நிற்கும். 5 செவிடு 1 ஆழாக்கு. 2 ஆழாக்கு 1 உழக்கு. 2 உழக்கு 1 உரி. 2 உரி 1 நாழி. அதாவது ஒரு நாழிக்கு 40 செவிடு. சோழர் காலக் கல்வெட்டில் ‘செவிடு’ என்று கண்டால் அது பெரும்பாலும் இந்த அளவைதான், ஆளல்ல.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் சதுர அடைப்புக்குள் இருக்கும் மொழிக் குறிகள். பேரகராதியில் ஒற்றை ‘டி’ (T) எழுத்து தமிழைக் குறிக்காது, தெலுங்கைக் குறிக்கும். வேர்ச்சொல் அகராதியில் ‘டி, ஏ’ தமிழ். ‘டி, இ’ தெலுங்கு. இதைக் கவனிக்காமல் தெலுங்குச் சொல்லைத் தமிழ் என்று எடுத்துப் போடுகிறவர்கள் உண்டு. போதாக்குறைக்கு ழ-வை இரண்டு அகராதிகளும் வெவ்வேறு ரோமன் எழுத்தால் எழுதுகின்றன. ஒன்றிலிருந்து வெட்டி மற்றதில் ஒட்டித் தேடுவது ‘செவிடு’க்கு ஒத்துவரும், ‘கிழங்கு’க்கு ஒத்துவராது.

வேரைக் காட்டுவதில் வேர்ச்சொல் அகராதிக்கு ஈடில்லை. மலையாளத்தில் செவி, செவிடு, தெலுங்கில் செவி, செவுடு, கன்னடத்தில் கிவி, கிவுடு, துளுவில் கெபி. செவியிலிருந்துதான் செவிடு என்பது இந்த வரிசையிலேயே தெரிந்துவிடும். கன்னடக் க-வுக்குத் தமிழில் ச ஏன் என்ற கேள்விக்கு மட்டும் அந்தப் பதிவு நேராகப் பதில் சொல்லாது. இ, எ போன்ற உயிர்களுக்கு முன் வந்த பழைய ககரம் தமிழில் சகரமானது. கன்னடக் கெம்பும் தமிழ்ச் செம்மையும் அதே கணக்கு. அந்த உயிருக்கு அடுத்து ட, ண, ள, ழ போன்ற நாமடி மெய் (நாக்கை மடித்துச் சொல்லும் மெய்) வந்தால் ககரம் அப்படியே நிற்கும்: கெடு, கிணறு, கிளி. ‘கேள்’ ககரத்தோடு நிற்பதற்கும் அந்த ளகரமே காரணம். ஒலியும் பொருளும் பக்கத்தில் இருக்கிறதே என்று செவியையும் கேளையும் ஒரே வேரில் கட்டுவது வெறும் ஊகம்.

பழமைக்குச் சான்று வேண்டுமென்றால் புறநானூறு 28. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாட்டில் ‘ஊமும் செவிடும்’ என்று எண்வகை எச்சத்துக்குள் (எட்டு வகைக் குறைப்பிறவிகளுக்குள்) வருகிறது. அங்கே அது குறையின் பெயரல்ல, குறையுடைய ஆளின் பெயர்.

இன்றைய வழக்குக்கு இந்தத் தளம் உதவாது. இன்று ‘செவிடு’ என்று ஒருவரைச் சொன்னால் மனம் நோகும் என்பதை 1930களின் அகராதியில் எதிர்பார்க்க முடியாது. மருத்துவமனைத் துண்டறிக்கைக்கு அதிலிருந்து சொல் எடுத்தால் வம்புதான். தற்கால வழக்குக்கு 1992இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் அகராதியை வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் சம்பந்தமாக எழுதுகிறீர்களென்றால் அகராதியே வேண்டாம், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். பேச்சு அலைவரிசைகளில் இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு என்றால் காது கேளாதவர். 60 முதல் 70 வரை என்றால் கேட்கும் திறன் குறைந்தவர். இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் விண்ணப்பம் திரும்பி வரும்.