மண்டபத்துக் கடற்காற்றில் எஃப்டி8: லேப்டாப் ஜாக்கா, யூஎஸ்பி டாங்கிளா, ரிக்குக்குள்ளேயே சவுண்டு கார்டா?

போன ஆடியில் மூன்று ராத்திரி என் எஃப்டி8 ஊமையாகக் கிடந்தது. எஃப்டி8 என்பது அமெச்சூர் ரேடியோக்காரர்கள் கணினி வழியாகச் சிறு செய்திகளை ஒலியாக மாற்றி அனுப்பிப் பெறும் முறை. ரிக் எனும் ரேடியோப் பெட்டிக்கும் கணினிக்கும் நடுவே அந்த ஒலியைக் கடத்துவது சவுண்டு கார்டு. 7.074 மெகாஹெர்ட்ஸில் ஆட்கள் இருப்பது வாட்டர்ஃபாலில் (சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டும் திரையில்) தெரிகிறது, கோடுகள் விழுகின்றன, அவற்றைச் செய்தியாக மாற்றிக் காட்டும் டீகோட் பெட்டியில் மட்டும் ஒன்றும் வரவில்லை. கடிகாரத்தைச் சரிபார்த்தேன். டிரைவரை அழித்து மறுபடி போட்டேன். எஃப்டி8 மென்பொருளான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸையே புதிதாக நிறுவினேன். கடைசியில் கோடுகளை உற்றுப் பார்த்தபோதுதான் உறைத்தது. எஃப்டி8-இல் ஒரு தடவை அனுப்புவது 12.64 விநாடி நீளும். அத்தனை நேரமும் அறுபடாமல் இறங்க வேண்டிய கோடு என் திரையில் விட்டுவிட்டு இறங்கியது.

விசைப்படகுகளுக்கு ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "தம்பி, சாஃப்ட்வேரை விடுங்க. பிளக்கைக் கழட்டி வெளிச்சத்துல பாருங்க" என்றார். பார்த்தேன். 3.5 மி.மீ. பிளக்கின் கழுத்தில், கறுப்பு வளையத்தை ஒட்டி, செப்புக் குடத்தில் ஏறுவது போலப் பச்சைக் களிம்பு. மறுபடி செருகி விரலால் அரைச்சுற்றுத் திருகினால் வாட்டர்ஃபால் பளிச்சென்று ஆனது. கையை எடுத்ததும் மங்கியது.

மண்டபத்தில் ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்போடுதான் வரும். அதனால் சவுண்டு கார்டு தேர்வில் ஒலித்தரத்தை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. எஃப்டி8-க்கு 50 ஹெர்ட்ஸ் அகலமே போதும், மலிவான சில்லுக்குக்கூட அது சுமையில்லை. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: காற்றுபடும் இணைப்புகள் எத்தனை, அதில் ஒன்று கெட்டால் என்ன செலவு?

லேப்டாப் ஜாக்கில் காசு செலவில்லை, அது எல்லோருக்கும் தெரியும். இப்போதைய லேப்டாப்களில் ஹெட்ஃபோனுக்கும் மைக்குக்கும் பெரும்பாலும் ஒரே ஓட்டைதான், பிரித்துக் கொடுக்கும் கம்பி தனியாக வேண்டும். மெயில் வந்தால் அடிக்கும் மணியும் அதே வழியாக ரிக்குக்குப் போய்விடும். இதையெல்லாம் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது, அந்த ஜாக் மதர்போர்டில் உட்கார்ந்திருப்பதுதான். பிளக்கில் களிம்பு ஏறினால் பிளக்கை மாற்றலாம். ஓட்டைக்குள் ஏறினால்? எனக்கு ஏறியது. துடைத்துப் பார்த்தும் மைக் பக்கம் திரும்பவே இல்லை.

சிக்னலிங்க் மாதிரியான, ரிக்குக்கும் கணினிக்கும் நடுவே வைக்கும் தனிச் சவுண்டு கார்டுப் பெட்டி நல்ல பொருள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ளேயே இருக்கிறது, ஒலி வந்தாலே தானாகப் பிடிடி அடித்து ரிக்கை அனுப்ப வைக்கிறது, குமிழ்கள் முன்னாலேயே இருக்கின்றன. ஆனால் விண்டோஸின் சொந்தச் சத்தங்களை அணைக்க மறந்தால் அந்த மணிச்சத்தமும் ரிக்கைத் தட்டி எழுப்பிவிடும். கீழக்கரை நண்பர் இரவல் கொடுத்து இரண்டே வாரம் என் மேசையில் இருந்தது. இந்தக் காற்றில் எத்தனை வருடம் தாங்கும் என்று அதை வைத்து நான் பேசுவது முறையல்ல.

2016-இல் வந்த ஐகாம் ஐசி-7300 போல, சவுண்டு கார்டு உள்ளேயே இருக்கும் ரிக்கை இராமநாதபுரம் டவுனில் ஒரு நண்பர் வீட்டில் சில மாலைகள் ஓட்டியிருக்கிறேன். ஒரே யூஎஸ்பி கேபிள். ஒலியும் அதில், கட்டுப்பாடும் அதில். இணைப்புகளை எண்ணினால் இதுதான் ஜெயிக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் விலை லட்சத்தைத் தாண்டும். அந்த யூஎஸ்பி வாயில் களிம்பு ஏறினால் மொத்த ரிக்கையும் பார்சல் கட்டி வெளியூர் அனுப்ப வேண்டும். அது திரும்பும்வரை நாம் அலைவரிசையில் இல்லை. சொந்தமாக வைத்திருந்தவன் இல்லை என்பதால் இது எவ்வளவு அடிக்கடி நேரும் என்று சொல்ல மாட்டேன். எனக்கு அந்த ஒரு நினைப்பே போதுமானதாக இருந்தது.

நான் மாறியது சில நூறு ரூபாய் யூஎஸ்பி டாங்கிளுக்கு, அதாவது யூஎஸ்பியில் செருகும் குட்டிச் சவுண்டு கார்டுக்கு. அதைப் பிரித்து, இரண்டு 3.5 மி.மீ. ஜாக்கையும் பிடுங்கி எறிந்துவிட்டு, கம்பிகளை நேராகப் போர்டிலேயே பற்றவைத்தேன். போகும் வழியிலும் வரும் வழியிலும் 600 ஓம் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் ஒவ்வொன்று. லேப்டாப் சார்ஜரிலிருந்து வந்துகொண்டிருந்த உறுமல் அன்றோடு நின்றது. ரிக்கின் டேட்டா வாய்க்கு மில்லிவோல்ட் கணக்கில்தான் ஒலி வேண்டும் என்பதால், ரெசிஸ்டர் போட்டுப் பத்தில் ஒன்றாகக் குறைத்தேன். பற்றவைத்த இடங்களில் நிறமில்லாத நெயில் பாலிஷ். எல்லாமே சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள். வெளியே தெரிவது லேப்டாப்பில் செருகும் யூஎஸ்பி முனையும் ரிக்கின் டேட்டா பிளக்கும் மட்டும். இரண்டையும் மாதம் ஒருமுறை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைக்கிறேன்.

டாங்கிளுக்கும் தொல்லைகள் உண்டு. வேறு போர்ட்டில் செருகினால் விண்டோஸ் அதைப் புது ஆளாக நினைத்துப் பெயருக்கு முன்னால் ஓர் எண்ணைச் சேர்க்கும், மென்பொருள் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். எனவே ஒரே போர்ட்டில் குத்துங்கள். மைக் அமைப்பில் தானியங்கி கெயின் (ஒலியளவைத் தானே கூட்டிக் குறைப்பது) டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பலமான நிலையம் ஒன்று வந்ததும் பலவீனமானவை அத்தனையும் அமுங்கிப் போகும். சிக்னல் இல்லாத நேரத்தில் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸின் மீட்டர் 30 டெசிபல் அருகே நிற்கட்டும். அனுப்பும்போது ரிக்கின் ஏஎல்சி முள் (ஒலி மிஞ்சினால் ரிக் தானே அடக்குவதைக் காட்டுவது) அசையாத அளவுக்கு ஒலியைக் குறையுங்கள். 600 ஹெர்ட்ஸில் அளவுக்கு மீறி ஓட்டினால் 1200-லும் 1800-லும் உங்கள் நிழல் விழும், அங்கே வேறு ஒருவர் பேசிக்கொண்டிருப்பார்.

50 வாட்டில் 40 மீட்டரில் அனுப்பியதும் டாங்கிளின் இணைப்பு அறுந்து போகிறதா? ஆன்டெனாவின் ஆர்எஃப் (ரேடியோ அலை) யூஎஸ்பி கேபிளில் ஏறுகிறது. கேபிளை ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டுச் சுற்று சுற்றியதும் எனக்கு அடங்கியது. உங்கள் ஆன்டெனா வேறு என்றால் சுற்றுகளைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

இதே மாதிரி பற்றவைத்த இன்னொரு டாங்கிளையும் செய்து, சிலிக்கா ஜெல்லோடு ஜிப் பையில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். முதல் டப்பாவைப் போன பங்குனியில் திறந்து பார்த்தேன். பற்றவைத்த ஈயம் பளபளப்பாகவே இருந்தது. ரிக் பக்கத்து பிளக்கின் ஓர் ஊசியில் மட்டும் கடுகளவு பச்சை, அதைத் துடைத்து மூடினேன்.