பிரபு வீட்டு மூன்றாம் மகனும் டன்கெல்ட் கோபுரமும்: ஒரு ஞாயிறு வகுப்பைப் பற்றி

கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வாசகர் வட்டம் நடத்திய நான்கு ஞாயிறு வரலாற்று வகுப்புக்கு அறுநூறு ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். இடைக்கால இறுதியில் ஸ்காட்லாந்துப் பிரபு குடும்பத்தில் பிறந்த கேவின் டக்ளஸ் திருச்சபையில் பதவி தேடிய வரலாறுதான் பாடம். கொடுத்த பணத்துக்கு மேலாகவே கிடைத்தது.

ஆசிரியர் தொடங்கிய இடமே எனக்குப் பிடித்தது. நம் பக்கம் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தால் தோட்டத்தோடு கிணற்றுத் தண்ணீருக்கும் முறை வைத்துக்கொள்கிறோம். அங்கோ பட்டமும் அதைச் சார்ந்த நிலமும் மூத்தவனுக்கே போகும் என்பதால், இளையவனுக்கு வருமானமுள்ள திருச்சபைப் பதவியைத் தேடித் தருவது குடும்பத்தின் பொறுப்பாயிற்று என்று அவர் விளக்கினார். ஐந்தாம் ஆங்கஸ் பிரபுவின் மூன்றாம் மகனான டக்ளஸ், செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, 1503 வாக்கில் எடின்பரோவின் செயின்ட் ஜைல்ஸ் ஆலயத் தலைவரானார்.

1513 செப்டம்பரில் இங்கிலாந்துடன் நடந்த ஃபிளாடன் போரில் மன்னர் நான்காம் ஜேம்ஸும் டக்ளஸின் அண்ணன்மார் இருவரும் மாண்டனர். அடுத்த ஆண்டே அண்ணன் மகன், விதவையான அரசி மார்கரெட்டை மணந்தார். அரசி தம் புதுக் கணவரின் சிற்றப்பாவான டக்ளஸுக்குச் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராயர் பதவியையே கேட்டார், அது கைகூடவில்லை. பிறகு அரசியின் தம்பியான இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் பரிந்துரையால் ஸ்காட்லாந்தின் டன்கெல்ட் என்ற ஊரின் ஆயர் பதவி கிடைத்தது. ரோமில் போப்பாண்டவரிடம் அதைப் பெற்ற விதமே குற்றமாகி, ஆட்சிப் பொறுப்பேற்ற ஆல்பனி கோமகன் 1515இல் அவரைச் சிறையில் வைத்தார்.

மூன்றாம் ஞாயிறுதான் வகுப்பின் உச்சம். விடுதலையாகி டன்கெல்ட் சென்ற ஆயரை, அப்பதவிக்குப் போட்டியிட்ட ஆண்ட்ரூ ஸ்டூவர்ட்டின் ஆட்கள் அரண்மனையிலும் ஆலயக் கோபுரத்திலும் இருந்துகொண்டு உள்ளே விடவில்லை, குண்டுகள் பறந்தன. கருமத்தம்பட்டியிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், “கோயில் கோபுரத்துல இருந்தே ஆயரைச் சுடுவாங்களாங்க?” என்று கேட்டார். “அவங்களும் ஆயர் பதவிக்கு நின்னவரோட ஆளுங்கதானுங்க ஐயா” என்றார் ஆசிரியர். கடைசியில், ஸ்டூவர்ட் ஏற்கெனவே வசூலித்த வருமானத்தை அவரிடமே விட்டுத்தான் சமாதானமானார்கள். பதவி என்றால் என்னவாக இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

குறைகளும் உண்டு. ஐந்தாம் ஆங்கஸ் பிரபுவுக்கும் அரசியை மணந்த அவர் பேரனுக்கும் ஆர்ச்சிபால்ட் என்ற ஒரே பெயர் இருக்கும்போது, கையில் தந்த தாளில் வம்சாவளிப் படம் இல்லாதது பெரிய சிரமம். நானே நோட்டில் வரைந்துகொண்டேன். அதைவிட வருத்தம், நான்காம் ஞாயிறு. 1522இல் லண்டனில் கொள்ளை நோயால் அவர் இறந்ததை விரிவாகச் சொன்ன ஆசிரியர், ரோமக் கவிஞர் வர்ஜிலின் ‘ஈனியட்’ காவியத்தை ஸ்காட்ஸ் மொழியில் அவர் பெயர்த்து முடித்ததற்குப் பத்து நிமிடமே ஒதுக்கினார். ஃபிளாடனுக்கு இரண்டு மாதம்கூட இல்லாத ஜூலையில் முடிந்த வேலை அது. கடுங்குளிர்க் காலையில் சன்னலைத் திறந்து, குளிர் தாங்காமல் மூடி, கணப்பருகே உடலைச் சூடாக்கிக்கொண்டு, மேசைமேல் கிடந்த வர்ஜிலைப் பார்த்துப் பேனாவை எடுப்பதாக ஒரு பகுதியின் முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார். அதற்கு மட்டும் ஒரு ஞாயிறு ஒதுக்கினால் மறுபடியும் கட்டணம் கட்டி வருவேன் என்று கருத்துத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.