நாலரை அடி உயரத்துக்கு ஓர் இரும்பு ராம்ப்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்குத் தென்னை நார்க்கழிவு ஏற்றுமதித் தொழில். ஐந்து கிலோ கட்டிகளாக அழுத்தி, பாலெட் எனும் அடித்தட்டில் அடுக்கி, 40 அடி ஹைகியூப் (உயரம் கூடிய) கன்டெய்னரில் ஏற்றித் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அனுப்புகிறோம். டிரெய்லர் மேல் நிற்கும் கன்டெய்னரின் தரை, நிலத்திலிருந்து ஏறக்குறைய நாலரை அடி உயரத்தில் இருக்கும். வாடகை ஷெட்டில் நிரந்தர மேடை கட்ட வழியில்லை. அதனால்தான் பாலெட்டோடு ஃபோர்க்லிஃப்ட் கன்டெய்னருக்குள் ஏறிப்போக, இழுத்து நகர்த்தக்கூடிய இரும்பு ராம்ப், அதாவது சாய்தளம், வாங்கினோம். பத்து டன் தாங்கும். கைப்பம்பு ஹைட்ராலிக்கில் ஏறி இறங்கும்.

வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, எத்தனை டன் என்றுதான். அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, உங்கள் களம் எத்தனை அடி நீளம் என்பது. இழுக்கும் முன்வண்டியோடு சேர்த்து டிரெய்லர் 50 அடியைத் தாண்டும். ராம்ப் 36 முதல் 40 அடி. அதன் அடியில் ஃபோர்க்லிஃப்ட் பாரத்தோடு திரும்பி நிமிர இன்னும் 15 அடியாவது வேண்டும். ஆக, ஒரே நேர்கோட்டில் நூறு அடிக்கு மேல். விற்பவர் இதைச் சொல்லமாட்டார். அவர் அளந்து பார்ப்பது ராம்பை மட்டும்தான்.

அடுத்தது தரை. கன்டெய்னர் பக்கத்து முனையின் பாரம் முழுவதையும் ராம்பின் இரண்டு கால்களே தாங்குகின்றன. மண் தரையில் மழைக்குப் பிறகு ஒரு கால் இரண்டு அங்குலம் இறங்கினால் போதும், ராம்பின் மேல் உதடு, அதாவது கன்டெய்னர் தரைமேல் படியும் கீல் தகடு, ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். நாங்கள் கால் பதியும் இடத்துக்கு மட்டும் கான்கிரீட் போட்டோம். ராம்ப் வாங்கியதைவிட அதில்தான் எங்களுக்கு நிம்மதி கிடைத்தது.

டன் கணக்குக்கு வருகிறேன். மூன்று டன் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் தானே நாலரை டன் எடை இருக்கும். எங்கள் பாலெட் ஒன்று ஒரு டன்னுக்குச் சற்றுக் கூடுதல். மொத்தம் ஆறு டன்னுக்குள் அடங்குவதால் பத்து டன் ராம்ப் தாராளம். பார்க்க வேண்டியது கன்டெய்னரின் தரையைத்தான். சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் விதிப்படி அந்தப் பலகைத் தரையை ஓர் அச்சுக்கு 7,260 கிலோ வைத்துச் சோதிக்கிறார்கள். பாரம் தூக்கிய ஃபோர்க்லிஃப்டின் எடை பெரும்பாலும் முன் அச்சில்தான் விழும். எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்து டன் தூக்கும் வண்டியை உள்ளே விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பலகை உடைந்தால் அதற்கான கட்டணம் உங்கள் தலையில்தான் விழும்.

தினசரி வேலையில் ஒழுங்கு முக்கியம். டிரெய்லர் பின்னால் வருவதற்கு முன்பே கதவுகளை முழுக்கத் திறந்து பக்கச் சுவரோடு கட்டிவிட வேண்டும்; ராம்ப் ஒட்டிய பிறகு கதவு அசையாது. டயருக்குக் கட்டை கொடுத்து, ராம்பைச் சங்கிலியால் டிரெய்லரோடு பிணைத்த பிறகே வண்டி ஏறலாம். பாலெட் உள்ளே போகப்போக டிரெய்லரின் பட்டை வில்கள் அழுந்திக் கன்டெய்னர் தரை இறங்கும். உதடு அதோடு சேர்ந்து இறங்குகிறதா என்று பாதி ஏற்றியதும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. சரக்கு இறக்கும்போது இதற்கு நேர்மாறாகத் தரை உயரும். முன்வண்டியைக் கழற்றிக்கொண்டு போக டிரைவர் கேட்டால் நான் சம்மதிப்பதில்லை. முன்பக்கம் நிற்கும் தாங்குகால்களை மட்டும் நம்பி, ஆறு டன்னைக் கன்டெய்னரின் மூக்கு வரை ஓட்ட எனக்குத் துணிவில்லை.

எங்கள் ராம்பில் பிடித்த அம்சம், மேல்முனையில் இருக்கும் ஆறடிச் சமதளம். அது இல்லாத ராம்ப் மலிவு. ஆனால் சரிவிலிருந்து நேராக உள்ளே நுழையும்போது ஃபோர்க்லிஃப்ட் அண்ணாந்தபடி நுழையும். தூக்குக்கம்பம் கதவுச் சட்டத்தில் இடிக்கும். ஹைகியூபிலேயே வாசல் உயரம் 2.58 மீட்டர்தான், சாதாரணக் கன்டெய்னரில் 2.28. அகலம் உள்ளே 2.35 மீட்டர். 1.1 மீட்டர் பாலெட் இரண்டை அருகருகே வைத்தால் மிச்சம் 15 சென்டிமீட்டர். அந்த இடைவெளியில் 20 பாலெட்டையும் நேராக வைக்க ஓட்டுபவருக்குக் கை பழகியிருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. மழை வழிந்தோட வசதியாக ராம்பின் தளம் இரும்புக் கிராதியால் ஆனது. எங்கள் தொழிலில் பறக்கும் நார்த்தூள் அந்தக் கண்களை அடைத்து, தென்மேற்குப் பருவமழையில் சேறாகிவிடுகிறது. ஈர டயர் பலகைத் தரையில் வழுக்குவது ஒருபுறம் இருக்க, நீரைக் குடித்து ஊதிவிடும் எங்கள் சரக்குக்கு அந்த ஈரம் ஆகவே ஆகாது. மழைக்காலத்தில் ஒருவருக்குத் துடைப்பதே வேலை. கைப்பம்பின் சீலில் எண்ணெய்க் கசிவு வந்தது, மாற்றினோம். உதட்டின் கீல் ஓரத்து வெல்டிங்கை அவ்வப்போது பார்க்க வேண்டும். டீசல் வண்டியின் புகை கன்டெய்னருக்குள் தேங்குவதால் பேட்டரி வண்டிக்கு மாறினோம். ஆனால் சரிவு ஏறி ஏறிச் சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது.

ஹைட்ரா எனப்படும் நடமாடும் கிரேன் வைத்துக் கன்டெய்னரையே தரையில் இறக்கிவிட்டால் என்ன என்று கேட்கிறார்கள். காலிப் பெட்டியை முறையான தூக்குச்சட்டத்தோடு இறக்கலாம். சரக்கு ஏற்றிய பிறகு எடை 25 டன்னைத் தாண்டும். சாதாரண ஹைட்ராவின் திறனுக்கு அது அப்பாற்பட்டது. அதோடு, நிரம்பிய 40 அடிப் பெட்டியின் மேல் மூலைகளில் சாய்வாகக் கயிறு கட்டித் தூக்கவே கூடாது. சுவீடனின் ஹம்மார் போன்ற பக்கவாட்டுத் தூக்கி டிரெய்லர்கள் இந்த வேலையை அழகாகச் செய்யும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அவை சாதாரணம். எங்கள் பக்கம் வாடகைக்குக் கிடைப்பதில்லை.

பாலெட் இல்லாமல் கட்டிகளைக் கையால் அடுக்கித் தரச் சொல்லும் வாடிக்கையாளர்களே உங்களுக்கு அதிகம் என்றால், ராம்ப் பாதிதான் பயன்படும். லோடுமேன்கள் எப்படியும் வேண்டும். மாதம் ஒன்றிரண்டு கன்டெய்னர் என்றால் பக்கத்து ஆலையின் ராம்பை வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். அதற்கு மேல் போகிறது, நூறு அடி நேர்க்களமும் இருக்கிறது என்றால் வாங்கலாம். வாங்கும்போது கூடுதல் டன்னுக்குப் பணம் கொடுக்காமல், மேல் சமதளத்துக்குக் கொடுங்கள்.