முகத்துக்குப் போடும் ஜெல்லில் டையபர் பாலிமர்: பல கோடைகளாகத் தடவிப் பார்த்ததில் தெரிந்தது

நான் முகத்தில் தடவும் ஜெல் மாய்ஸ்சரைசரின் பின்பக்கப் பட்டியலில் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பெயர் இருக்கிறது. டையபருக்குள்ளும் சானிட்டரி நாப்கினுக்குள்ளும் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்வது இதே குடும்பத்துப் பொருள்தான். இதைக் கேள்விப்பட்டதும் என் பெரியம்மா, "ஏண்டி, பிள்ளைங்களுக்கு அடியில கட்டுறதையா மூஞ்சியில தேச்சுக்கிற?" என்றார். நியாயமான கேள்விதான். எனக்கு எண்ணெய் வழியும் முகம். மதுரை வெயிலில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு தினமும் வண்டி ஓட்டுகிறேன். கெட்டியான கிரீம் எதுவும் ஒத்துவராததால் இந்த வகை ஜெல்களைத்தான் பல வருடங்களாக மாற்றி மாற்றி வாங்கிவருகிறேன். இதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை என்பது என் கட்சி. அதே சமயம், இது இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் காசு கொடுப்பதும் வீண்.

முதலில் இது என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். அக்ரிலிக் அமிலத்தின் மூலக்கூறுகளை நீளச் சங்கிலியாகக் கோத்து, சங்கிலிகளுக்கு இடையே அங்கங்கே குறுக்கு முடிச்சுகளும் போட்டால் ஒரு வலை கிடைக்கும். அதில் வரிசையாக எதிர்மின்னேற்றம் கொண்ட இடங்கள். தண்ணீர் பட்டதும் அவை ஒன்றையொன்று தள்ள, வலை விரிந்து தண்ணீரை உள்ளே வாங்கிக்கொள்ளும். முடிச்சுகள் இருப்பதால் கரைந்து ஓடாமல் உப்பி நிற்கும். சுத்தமான தண்ணீர் என்றால் தன் எடையைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு வாங்கும். 0.9 சதவீத உப்புநீரில் அதே பொருள் சுமார் 30 முதல் 60 மடங்கோடு நின்றுவிடும். இந்த உப்புக் கணக்கை நினைவில் வையுங்கள், முகத்தில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

கார்போமர் என்ற பெயரையும் பார்த்திருப்பீர்கள். கற்றாழை ஜெல், முகப்பரு ஜெல், சானிடைசர் என்று எங்கும் இருக்கும். அதுவும் குறுக்கு முடிச்சு போட்ட பாலிஅக்ரிலிக் அமிலம்தான். தண்ணீரில் கலக்கும்போது புளிப்புத் தன்மையோடு நீர்க்க இருக்கும். சோடியம் ஹைட்ராக்சைடோ டிரைஎத்தனாலமீனோ சேர்த்து அந்த அமிலத்தைச் சமன் செய்ததும் சட்டென்று கெட்டியாகும். ஒரு சதவீதத்துக்கும் குறைவாகப் போட்டாலே டப்பா முழுக்கக் கண்ணாடி மாதிரி ஜெல் ஆகிவிடும். கொரோனா காலத்தில் சானிடைசருக்கு இது கிடைக்காமல் தட்டுப்பாடு வந்தது. உலக சுகாதார நிறுவனம் தந்த செய்முறையில் கெட்டியாக்கும் பொருளே கிடையாது. அதனால்தான் அப்போது கைக்கு வந்தவை பலவும் தண்ணீராக ஓடின.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சில்வர் தட்டில் கொஞ்சம் ஜெல்லை வைத்து அதன்மேல் ஒரு சிட்டிகை தூள் உப்பைத் தூவி விரலால் கலக்குங்கள். கண்ணெதிரே இளகித் தண்ணீராகிவிடும். உப்பிலுள்ள சோடியம் அந்த எதிர்மின்னேற்றங்களை மறைத்துவிடுவதால் வலை சுருங்கி, பிடித்து வைத்திருந்த நீரை விட்டுவிடுகிறது. முகத்தில் தடவியதும் 'ஜில்'லென்று நீர் உடைவதுபோல் ஒரு சுகம் வருகிறதே, அதற்கும் காரணம் இதே உப்புதான், நம் வியர்வையில் இருப்பது. விளம்பரக்காரர்கள் அதை நீர்த்துளி வெடிப்பு என்ற மாதிரியெல்லாம் வர்ணித்து விற்கிறார்கள். சரி, அவர்கள் பிழைப்பு அது.

டையபரில் சிறுநீரை உறிஞ்சும் பொருள் முகத்துத் தோலிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சி வறளவைக்காதா என்ற சந்தேகம் பலருக்கும் உண்டு. டையபரில் இருப்பது காய்ந்த துகள். ஜெல்லில் இருப்பதோ ஏற்கனவே வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டது. தோலில் உப்பைச் சந்தித்ததும் அது நீரை வெளியேதான் விடும். ஆனால் அந்த நீர் தோலுக்குள் போய்த் தங்கிவிடுவதும் இல்லை. காற்றாட உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் ஆவியாகிவிடும். தோலில் ஈரத்தை நிறுத்துவது கூடவே இருக்கும் கிளிசரின். பாலிமர் தருவது பிசுபிசுப்பில்லாத வழவழப்பும் குளிர்ச்சியும்தான்.

மார்கழியில் கொடைக்கானல் போனபோது இந்த வித்தியாசம் நன்றாகவே புரிந்தது. மதுரையில் நாள் முழுக்கத் தாங்கும் அதே ஜெல், அங்கே குளிரிலும் வறண்ட காற்றிலும் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. கன்னம் இறுகி, மூக்கோரம் செதில் தட்டியது. ஜெல்லில் ஈரம் வெளியேறாமல் மூடிவைக்கும் கொழுப்போ மெழுகோ அநேகமாக இருக்காது. ஜெல் ஈரமாக இருக்கும்போதே மேலே துளி வாசலைன் தடவினேன், சரியானது. ஏசி அறையில் எட்டு மணி நேரம் வேலை செய்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

எனக்கு எரிச்சலூட்டிய விஷயம், திரி திரியாக உருள்வது. ஜெல் காய்ந்ததும் தோலின்மேல் மெல்லிய படலமாக நிற்கும். அதன்மேல் சிலிக்கோன் அதிகமுள்ள சன்ஸ்கிரீனை அழுத்தித் தேய்த்தால் படலம் உரிந்து, ரப்பரால் பென்சில் எழுத்தை அழித்த மாதிரி துகள் துகளாக வரும். தோலில் அழுக்கு போகிறது என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள், அது அழுக்கில்லை. உரிந்த இடத்தில் சன்ஸ்கிரீன் திட்டுத் திட்டாகப் போய்விடும் என்பதுதான் கவலை. ஜெல்லைக் குறைவாக எடுப்பது, நன்றாக உலரவிடுவது, சன்ஸ்கிரீனைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி வைப்பது என்று மாற்றிக்கொண்டதில் பெருமளவு குறைந்தது. வைட்டமின் சி சீரத்தை உள்ளங்கையில் ஜெல்லோடு கலக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடலாம். சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட் போன்ற உப்பு வகை சீரம் பட்டால் ஜெல் நீர்த்து வழியும். கெடுதல் ஒன்றுமில்லை, வழிந்து சட்டையில் போவதுதான் மிச்சம்.

இனி பாதுகாப்பு. டாக்டர் முகப்பருவுக்கு எழுதிக்கொடுத்த அடாபலீன் ஜெல்லின் அட்டையிலும் கார்போமரைப் பார்த்த பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். 500 டால்டனுக்கு (மூலக்கூறு எடையை அளக்கும் அலகு) மேற்பட்ட மூலக்கூறு நல்ல தோலைத் தாண்டி உள்ளே போவது அரிது என்பது தோல் மருத்துவத்தில் புழங்கும் கணக்கு. இந்தப் பாலிமர்களின் எடையோ லட்சக்கணக்கில் போகிறது. கண் வறட்சிக்குத் தரும் ஜெல் சொட்டு மருந்துகள் சிலவற்றில் 0.2 சதவீதம் கார்போமர் நேராகக் கண்ணுக்குள்ளேயே போகிறது. அமெரிக்காவில் அழகுசாதனப் பொருட்களை ஆராயும் நிபுணர் குழு 1982-லேயே கார்போமர்கள் பாதுகாப்பானவை என்று முடிவு சொன்னது. ஆனால் அப்போதே பென்சீன் மிச்சத்தை முடிந்தவரை குறைக்கச் சொல்லியும் வைத்தது.

கவனிக்கவேண்டிய இடம் அந்த மிச்சம்தான். கார்போமர் 934, 940, 941 போன்ற பழைய ரகங்களைப் பென்சீனைக் கரைப்பானாக வைத்துத்தான் தயாரித்தார்கள். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். கார்போமர் 980 போன்ற பிந்தைய ரகங்களுக்கு எத்தில் அசிடேட், சைக்ளோஹெக்சேன் போதும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்டிஏ 2023 டிசம்பரில், பென்சீன் வழியில் செய்த கார்போமருள்ள மருந்துகளை மாற்று ரகத்துக்குக் கொண்டுபோக வழிகாட்டுதல் வெளியிட்டது. நம் டப்பாவின் லேபிளில் வெறும் கார்போமர் என்றுதான் இருக்கும், எந்த ரகம் என்று கண்டுபிடிக்க வழியில்லை. வாங்குகிறவருக்கு இதைச் சொல்லாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெயரில் இன்னொரு குழப்பமும் உண்டு. பாலிஅக்ரிலமைடு வேறு பொருள். அதில் மிஞ்சக்கூடிய அக்ரிலமைடு விஷத்தன்மை உள்ளது என்பதால், தோலில் அப்படியே விட்டுவிடும் உடல் பூச்சுகளில் அது கிலோவுக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பாவில் வரம்பு வைத்திருக்கிறார்கள். பாலிஅக்ரிலேட்டோடு அதைச் சேர்த்துத் திட்டும் வீடியோக்கள் நிறைய. 1980-ல் அமெரிக்காவில் பெண்களைப் பலிவாங்கிய டாக்சிக் ஷாக் நோயையும் இந்தப் பாலிமரின் தலையில் கட்டுகிறார்கள். அந்த ஆண்டு சந்தையிலிருந்து விலக்கப்பட்ட ரிலை என்ற டாம்பூனில் (மாதவிடாயின்போது உடலுக்குள் வைக்கும் பஞ்சு) இருந்தவை கார்பாக்சிமெத்தில் செல்லுலோசும் பாலியஸ்டர் நுரையும். நோய்க்குக் காரணம் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி உண்டாக்கிய நச்சு. உடலுக்குள் பல மணி நேரம் வைத்திருக்கும் பொருளின் கதையை முகத்தில் தடவும் ஜெல்லுக்குப் பொருத்த முடியாது.

காய்ந்த தூளை மட்டும் வீட்டில் வாங்கி வைக்காதீர்கள். சொந்தமாக ஜெல் தயாரிக்கலாம் என்று ஆன்லைனில் விற்கிறார்கள். நுண்ணிய தூசி மூச்சில் போனால் நுரையீரலுக்கு நல்லதல்ல. தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் வண்ண மணிகளைக் குழந்தைகள் விழுங்கி, குடலுக்குள் அவை பெருத்து அடைத்துக்கொண்ட சம்பவங்களால், 2023-ல் அமெரிக்காவின் பெரிய கடைகள் அவற்றைக் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருளாக விற்பதை நிறுத்தின. அவையும் உறிஞ்சும் பாலிமர்கள்தான்.

லேபிள் படிக்கும்போது நான் முதலில் தேடுவது பினாக்சிஎத்தனால். கெடாமல் வைக்கும் அந்தப் பொருளுக்கு ஐரோப்பிய விதியில் 1 சதவீதம்தான் உச்சவரம்பு, இங்கே விற்கும் பல ஜெல்களும் அதை ஒட்டியே இருக்கின்றன. பட்டியல் அளவு குறையும் வரிசையில் எழுதப்படுவதால், அதற்குப் பின்னால் வருபவையெல்லாம் ஏறக்குறைய ஒரு சதவீதமோ அதற்கும் கீழோ. கிளிசரின் அதற்கு வெகுமுன்னால், தண்ணீரை அடுத்து வந்தால் வாங்குவேன். தண்ணீர், பாலிமர், வாசனை, சாயம், கடைசியில் ஒப்புக்குக் கற்றாழைச் சாறு என்றிருந்தால் திரும்ப வைத்துவிடுவேன், விலை எவ்வளவு போட்டிருந்தாலும் சரி.

சுற்றுச்சூழல் பக்கம் எனக்கு முழு நிம்மதி இல்லை. இந்தப் பாலிமர்கள் மண்ணிலும் நீரிலும் எளிதில் மக்குவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நுண்பிளாஸ்டிக் தடை, கழுவிவிடும் பொருட்களுக்கு 2027 வரையும், தோலில் விட்டுவிடும் பொருட்களுக்கு 2029 வரையும் அவகாசம் தருகிறது. நீரில் கரையும் பாலிமர்களுக்கு அதில் விலக்கு உண்டு. எண்ணெய்ப் பளபளப்பை மறைக்கப் போடும் நைலான் தூள் போன்ற திடத் துகள்கள் மாட்டும். அப்படிப்பட்ட 'மேட்' கிரீம்களை நான் வாங்குவதில்லை. ஜெல்லையும் சித்திரை தொடங்கி ஐப்பசி மழை வரைக்கும்தான் வைத்துக்கொள்கிறேன். அதன் பிறகு முகத்துக்குச் சாதாரண கிளிசரின் லோஷனே போதுமானதாக இருக்கிறது.