கலைஞர் தம் கதையைத் தாமே சொல்லக் கேட்பது: நூலகச் செயலியோடு ஓராண்டு

நாள் முழுவதும் கணக்கேடுகளைத் திரையில் பார்த்துவிட்டு, மாலை ரயிலில் மறுபடியும் எழுத்தைப் பார்க்கக் கண் இடம் கொடுக்காத வயது எனக்கு வந்துவிட்டது. சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேசுக்குப் போக ஏறக்குறைய நாற்பது நிமிடம். திரும்பி வரவும் அவ்வளவே. இந்த நேரம் வீணாகிறதே என்ற குறையில்தான், தேசிய நூலக வாரியம் தன் உறுப்பினர்களுக்கு மின்னூல்களையும் ஒலிநூல்களையும் இரவல் தரும் லிபி என்ற செயலியைச் சென்ற ஆண்டு கைப்பேசியில் இறக்கிக்கொண்டேன். லிபி என்றால் நமக்கு எழுத்து. எழுத்தைத் தொடாமலே ஒரு புத்தகத்தை முடிக்க உதவும் செயலிக்குத் தமிழ்க் காதில் அப்படி ஒரு பெயர் வாய்த்திருப்பது வேடிக்கைதான்.

நான் அதில் கேட்டவை பெரும்பாலும் பாடகர்கள், நடிகர்கள், நகைச்சுவைக் கலைஞர்கள் ஆகியோரின் தன்வரலாறுகள். நாவல்களையும் முயன்று பார்த்தேன். ரயில் பீஷானைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் இறங்கும்போது எழும் இரைச்சலில் இரண்டு வாக்கியம் தவறினால், நாவலில் யார் யாருக்கு என்ன உறவு என்பதே குழம்பிவிடுகிறது. தன்வரலாற்றில் பேசுகிறவர் ஒருவர்தான். விட்ட இடத்தை அவர் குரலே பிடித்துத் தந்துவிடுகிறது.

சேவையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நூலக உறுப்பினருக்குக் கட்டணம் இல்லை. இரவல் காலம் 21 நாள்; கெடு முடிந்ததும் நூல் தானாகவே திரும்பிவிடுவதால் தாமதக் கட்டணம் என்ற பேச்சுக்கே இடமில்லை, மீண்டும் இரவல் பெற்றால் நிறுத்திய இடத்திலிருந்தே தொடர்கிறது. வீட்டிலேயே பதிவிறக்கி வைத்துக்கொண்டால் சுரங்கப் பாதையில் இணையத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. ஒலிநூல் என்பது ஒரு கோப்புதானே, ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று தொடக்கத்தில் எனக்கும் தோன்றியது. ஆனால் பதிப்பகங்கள் நூலகங்களுக்குத் தரும் உரிமம் பெரும்பாலும் ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் வைத்திருக்கலாம் என்ற நிபந்தனையோடு வருவதால், காகிதப் புத்தகத்துக்கு நிற்பதுபோலவே இதற்கும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. முறை வரும்போது கையில் வேறு நூல் இருந்தால், வரிசையில் இடம் போகாமல் சில நாள் தள்ளிவைத்துக்கொள்ளவும் வழி உண்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதன்முதலாக என்னைப் பிடித்து உட்கார வைத்தது தென்னாப்பிரிக்க நகைச்சுவைக் கலைஞர் டிரெவர் நோவா 2016இல் வெளியிட்டுத் தம் குரலிலேயே வாசித்த ‘பார்ன் எ கிரைம்’. இனஒதுக்கல் சட்டங்கள் நடப்பில் இருந்த 1984இல், கோசா இனத்துத் தாய்க்கும் சுவிட்சர்லாந்து நாட்டு வெள்ளைத் தந்தைக்கும் பிறந்தவர் அவர். அந்த உறவே சட்டப்படி குற்றம் என்பதால்தான் நூலுக்கு அந்தத் தலைப்பு. இந்த விவரங்களை அச்சு நூலிலும் படித்துக்கொள்ளலாம். அச்சில் கிடைக்காதது கோசா மொழியின் ஒலி. நாக்கை அண்ணத்தில் ஒட்டிப் பட்டென்று விடுவிக்கும் அந்தச் சொடுக்கொலியை எந்த எழுத்தால் எழுதினாலும் வாசகன் அதைத் தாண்டித்தான் போவான். நோவா அதைப் பேச்சின் நடுவே இயல்பாக உதிர்த்துவிட்டு அடுத்த சொல்லில் ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது, தேக்கா சந்தையில் மீன்காரரிடம் மலாயும் பக்கத்துக் கடைக்காரரிடம் தமிழும் பேசிக்கொண்டு நடப்பவர்களுக்கு ஒரு நெருக்கம் உண்டாகாமல் இருக்காது. தம்மை வழிப்பறி செய்யத் திட்டமிட்டுப் பின்னால் வந்த இளைஞர்களிடம் அவர்களுடைய சூலு மொழியிலேயே பேசித் தப்பிய கதையை அவர் சொல்லும் இடத்தில் நான் இறங்க வேண்டிய நிலையத்தைக் கடந்து மரீனா பே வரை போய்விட்டேன்.

அந்த நூலை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சத்தமாக ஓடவிட்டிருந்தேன். அம்மா சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து, நெத்திலியைத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். எண்பது வயதான அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஓடும் வேனிலிருந்து ஒன்பது வயது மகனைத் தள்ளிவிட்டு, கைக்குழந்தையோடு தானும் குதித்த தாயின் கதை போய்க்கொண்டிருந்தது. நோவா தாயின் குரலுக்கு மாறினார். அம்மா கையை நிறுத்திவிட்டு, “பாவி, அம்மாவையே பேசிக் காட்டுறானா?” என்று கேட்டுச் சிரித்தார். அதே தாயை 2009இல் அவருடைய முன்னாள் கணவர் தலையில் சுட்டதையும், பிழைத்தெழுந்த பிறகு மருத்துவமனைப் படுக்கையில் அவர் மகனிடம் வேடிக்கை பேசியதையும் சொல்லும் கடைசி அத்தியாயத்தை நான் பிறகு தமிழில் அம்மாவுக்குச் சொன்னேன். என் சொல்லில் அது பாதிகூடத் தேறவில்லை.

கலைஞர் தாமே வாசிக்காத நூல்களும் உண்டு. எல்டன் ஜானின் ‘மீ’ என்ற நூலில் முன்னுரையையும் முடிவுரையையும் மட்டும் அவர் வாசிக்க, இடைப்பட்ட எல்லாவற்றையும் அதே 2019ஆம் ஆண்டில் திரைப்படத்தில் அவராக நடித்த டேரன் எகர்டன் வாசிக்கிறார். தேர்ந்த நடிகர், ஒரு சொல் பிசகவில்லை. ஆனாலும் எழுபது வயதைத் தாண்டிய ஒருவரின் களைப்பும் கேலியும் நிறைந்த நினைவுகளை முப்பது வயதுத் தொண்டை சொல்லும்போது, நாடகத்தில் பேரன் தாத்தா வேடம் போட்டதுபோல் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பிரிட்னி ஸ்பியர்ஸின் ‘தி வுமன் இன் மீ’ நூலிலும் அறிமுகத்தை மட்டும் அவர் வாசித்துவிட்டு, மற்றதை நடிகை மிஷெல் வில்லியம்ஸிடம் ஒப்படைத்துவிட்டார். பழைய வேதனைகளை மறுபடியும் கிளற மனம் ஒப்பவில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். இங்கே எனக்கு உறுத்தவில்லை. தம் பணமும் உடலும் பதின்மூன்று ஆண்டுகள், தந்தை நீதிமன்றத்தில் கேட்டுப் பெற்ற சட்டக் காப்பில் இருந்ததைச் சொல்லும் பெண், அதை உரக்க வாசிக்க மறுப்பதும் அந்தக் கதையின் ஒரு பகுதியாகவே காதில் விழுகிறது.

மறுகோடியில் நிற்பவர் பார்ப்ரா ஸ்ட்ரைசண்ட். 2023இல் வந்த அவருடைய ‘மை நேம் இஸ் பார்ப்ரா’ 48 மணி நேரம் ஓடுகிறது. 21 நாளில் முடிக்க வேண்டுமானால் நாள்தோறும் இரண்டே கால் மணி நேரத்துக்கும் மேல் அவருக்கு ஒதுக்க வேண்டும். எனக்கு இரண்டு இரவல் காலம் பிடித்தது. அச்சிட்ட வாக்கியத்தை நடுவில் விட்டுவிட்டு அவர் தமக்குத்தாமே ஏதோ சேர்த்துச் சொல்வார். ஒரு பாடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் அந்தப் பாடலே ஒலிக்கத் தொடங்கும். பதினைந்து மாதக் குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தவர், எண்பது வயதிலும் அந்த வெற்றிடத்தைச் சுற்றிச் சுற்றி வருவதைக் கேட்பது மனத்தைத் தொடுகிறது. உணவுப் பட்டியலையும் உடைகளின் துணி வகையையும் கேட்பது அந்த அளவுக்குத் தொடவில்லை. நேரத்தை மிச்சம்பிடிக்க வேகத்தை ஒன்றரை மடங்காக்கினேன். பேச்சு தாங்கியது, பாட்டு வந்ததும், பந்திக்கு நேரமாகிவிட்ட கச்சேரிபோல் தாளம் ஓடத் தொடங்கியது. இசைக் கலைஞரின் நூலை இயல்பான வேகத்திலேயே கேட்க வேண்டும் என்று அன்றோடு முடிவு செய்துகொண்டேன்.

“தமிழ்ல இந்த மாதிரி யாரும் பேசி வைக்கலையா?” என்று அம்மா ஒரு நாள் கேட்டார். எழுதி வைத்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆறு வயதில் சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவில் சேர்ந்து மேடையேறிய டி.கே.சண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’ எழுதியிருக்கிறார். பம்மல் சம்பந்த முதலியார் ‘நாடக மேடை நினைவுகள்’ எழுதியிருக்கிறார். கண்ணதாசன் ‘வனவாசம்’ நூலில் தம்மை ‘அவன்’ என்றே எழுதிக்கொண்டார். தாம் செய்த தவறுகளையெல்லாம் அந்த ‘அவன்’ தலையில் ஏற்றிச் சொல்லும் சாமர்த்தியம் அவர் வாயிலேயே எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். இத்தனைக்கும் தம் எழுத்தைத் தாமே பேசிப் பதிவு செய்யும் வழக்கம் நமக்குப் புதிதன்று. அவருடைய ‘அர்த்தமுள்ள இந்து மதம்’ அவர் குரலிலேயே ஒலிநாடாவாக வந்தது. அப்பா அதைச் சிராங்கூன் சாலையில் வாங்கி, நாடா இழுபட்டுக் குரல் நெளியும் வரை ஓடவிட்டார். நோவா எட்டே முக்கால் மணி நேரத்தில் செய்ததைக் கேட்கும் காது அந்த நாடாக்களால் பழக்கப்பட்ட காதுதான்.

அம்மாவுக்காகத் தமிழ் ஒலிநூல்கள் தரும் கட்டணச் செயலி ஒன்றிலும் சேர்ந்தேன். அதில் ஒரு சங்கீத வித்துவானைப் பற்றிய நூலை வாசித்தது மனிதர் அன்று, இயந்திரம். ஜி.என்.பி. என்ற பெயரை அது ‘ஜி புள்ளி என் புள்ளி பி புள்ளி’ என்று வாசித்தது. அச்சிட்டிருந்த சுரவரிசையைத் தபால் முகவரி சொல்வதுபோல் சொல்லி முடித்துவிட்டு, மூச்சு வாங்காமல் அடுத்த பத்திக்குப் போனது. அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். சந்தாவை ரத்துசெய்த பிறகும் இரண்டு மாதம் அட்டையிலிருந்து பணம் போனது தனிக் கதை.

ஆகவே இந்த வகை நூல்களைக் கேட்க விரும்புவோருக்கு என் பரிந்துரை இதுதான்: ஆங்கிலத்தில் கேட்பதாக இருந்தால் பணம் செலவழிக்கும் முன் நூலகச் செயலியைப் பாருங்கள், நூலின் பெயருக்குக் கீழே வாசித்தவர் பெயர் இருக்கும், அதைப் பார்க்காமல் இரவல் பெறாதீர்கள். தமிழில் வேண்டுமென்றால் ஒலிநூல் என்ற சொல்லைக் கொஞ்சம் மறந்துவிட்டு, தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளுக்குப் போங்கள். 1979இல் தொடங்கிய அந்தப் பணியில் தமிழில் எடுத்த நேர்காணல்களும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம், சிலவற்றுக்கு அனுமதி பெற வேண்டும். ஒவ்வொன்றையும் சுருள் சுருளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பின்னணி இசை கிடையாது, வெட்டி ஒட்டிய மெருகும் கிடையாது. கேள்வி கேட்பவர் ஆண்டை விடாமல் கேட்க, பதில் சொல்பவர் ஆண்டை விட்டுவிட்டு ஆளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போகிறார்.

சென்ற வாரம் பழைய மேடைக் கலைஞர் ஒருவரின் நேர்காணலை அம்மாவுக்குப் போட்டேன். ஒரு பாட்டின் பெயரைச் சொல்ல வந்தவர் பெயர் நினைவுக்கு வராமல், தொண்டையைக் கனைத்துக்கொண்டு இரண்டு வரியை முணுமுணுத்துப் பார்த்தார். மூன்றாவது வரியை அம்மா இங்கிருந்து எடுத்துக் கொடுத்தார். வரிசையில் நான் காத்திருந்த இன்னொரு பாடகரின் ஒலிநூலுக்கு முறை வந்துவிட்டதாக அன்றிரவு செயலி அறிவித்தது. அதை இரண்டு வாரம் தள்ளிவைத்துவிட்டேன். அந்த நேர்காணலில் இன்னும் நான்கு சுருள் மிச்சம் இருக்கிறது.